110 வோல்ட் கிரைண்டர்: சாட்ஸ்வொர்த்தில் ஒரு நுகர்வோர் வழக்கு

இணையக் கடை மாற்றி அனுப்பிய பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போனால், படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் வரும். எதைத் தேர்ந்தெடுத்தால் என்ன, பணம் திரும்பி வந்தால் போதும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பம் அந்தக் கட்டத்தில் 'இனித் தேவையில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஒரு சொடுக்கைப் பிடித்துக்கொண்டு விற்பனையாளர் ஒரு மாதம் இழுத்தடித்தார். அந்த ஒரு மாதத்தில் நடந்ததையும், தென்னாப்பிரிக்கச் சட்டம் அதற்கு என்ன சொல்கிறது என்பதையும் இங்கே எழுதுகிறேன். குடும்பத்தை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விற்பனையாளரின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

நடந்தது

வீட்டுக்காரம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நான் அவரை அக்கா என்று அழைப்பதால் இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். புரட்டாசி வந்தால் அந்த வீட்டில் மாதம் முழுவதும் மீன், இறைச்சி கிடையாது. டர்பன் பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றிலும் அதுதான் வழக்கம். சனிக்கிழமைகளில் பெருமாளுக்குப் படையல் உண்டு. படையல் என்றால் வடை உண்டு. வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்த பழைய கிரைண்டர் ஆகஸ்ட் மாதம் நின்றுபோனது.

பேத்தி இணையத்தில் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தாள். மேசைமேல் வைக்கும் வகை, இரண்டு லிட்டர் கொள்ளளவு, மூன்று கற்கள். விளம்பரத்தில் '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், தென்னாப்பிரிக்க பிளக் பொருத்தப்பட்டது' என்று தெளிவாகப் போட்டிருந்தது. விலை 5,200 ரேண்ட், அனுப்பும் செலவு 180 ரேண்ட். வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பரிமாற்றமாகப் பணம் கட்டினார்கள்.

2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை, கூரியர் வந்தது. பெட்டியை இறக்கியவர் கைபேசித் திரையை நீட்டினார். மருமகள் விரலால் கையெழுத்துப் போட்டார். அந்தத் திரையில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருந்ததை அவர் படிக்கவில்லை. படித்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை பெட்டியைத் திறந்தார்கள். வெளித் தோற்றத்துக்கு எல்லாம் சரியாக இருந்தது. நிறம், கற்கள், எஃகுப் பாத்திரம் அனைத்தும் படத்தில் கண்டபடியே இருந்தன. ஆனால் மின்கம்பியின் முனையில் அமெரிக்க வீடுகளில் காணும் தட்டையான பிளக். கூடவே ஒரு சிறு பிளாஸ்டிக் பையில் பயணிகள் பயன்படுத்தும் அடாப்டர் ஒன்று. அக்காவின் தங்கை மகன் எலக்ட்ரீஷியன். அவர் கிரைண்டரைக் கவிழ்த்து அடியில் இருந்த விவரத் தகட்டைப் படித்தார்: 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். "பெரியம்மா, இதை மாட்டிவிடாதீர்கள்" என்று அவர் அன்று தடுத்திராவிட்டால், இந்தக் கட்டுரை ஒரு புகைந்துபோன மோட்டாரைப் பற்றியதாக இருந்திருக்கும். யார் அதை எரித்தது என்ற சண்டையும் சேர்ந்திருக்கும்.

அந்த அடாப்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வழக்கின் மிக மோசமான பகுதி அதுதான். அடாப்டர் முனைகளின் வடிவத்தை மட்டுமே மாற்றும், மின்னழுத்தத்தைத் தொடாது. நம் சுவரிலிருந்து வருவது 230 வோல்ட். அது 110 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்ட மோட்டாரில் ஏறினால், உள்ளிருக்கும் இரும்புக் கரு காந்தச் செறிவடைந்து, சுருளில் மின்னோட்டம் இரண்டு மடங்குக்கு மேல் பாயும். காப்புப் பூச்சு உருகிச் சுருள் கருகிவிடும். பொருளை மாற்றி அனுப்புவது கவனக்குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெட்டியில் அடாப்டரைச் சேர்த்து வைத்தவருக்கு உள்ளே இருப்பது எந்த நாட்டுக் கிரைண்டர் என்று தெரிந்திருந்தது என்பதே என் கருத்து.

பேத்தி அன்று மாலையே தகட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "அடாப்டர் பெட்டியிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்." விற்பனையாளர் தம் கைப்பட எழுதிய மிகப் பயனுள்ள சாட்சியம் இது. விளம்பரத்தில் சொன்ன பிளக் அந்தக் கிரைண்டரில் இல்லை என்பதை அந்த ஒரே வரியில் அவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

திங்கட்கிழமை, 16-ஆம் தேதி, அவள் இணையதளத்தில் திருப்பும் படிவத்தை நிரப்பினாள். காரணங்களின் பட்டியலில் முதலில் இருந்தது 'இனித் தேவையில்லை'. "எதைப் போட்டாலும் ஒன்றுதானே என்று நினைத்தேன், மாமா" என்று பிறகு என்னிடம் சொன்னாள். அடுத்த நிமிடமே தானியங்கி மின்னஞ்சல் வந்து விழுந்தது. ஏழு நாட்களுக்குள் திருப்ப வேண்டும். பெட்டி திறக்கப்படாமல் இருக்க வேண்டும். கூரியர் செலவு வாங்குபவருடையது. மறுஇருப்புக் கட்டணமாக, அதாவது திரும்பி வரும் பொருளை மீண்டும் விற்பனை இருப்பில் சேர்ப்பதற்காக, விலையில் 15 விழுக்காடு பிடிக்கப்படும். கணக்குப் போட்டால் 780 ரேண்ட் பிடித்தம். கல் கிரைண்டரை ஜோஹன்னஸ்பர்க் வரை அனுப்பும் கூரியர் செலவையும் சேர்த்தால் ஆயிரம் ரேண்டைத் தாண்டும். அதுவும் திறக்காத பெட்டிக்குத்தான். திறந்த பெட்டிக்கு அவர்கள் கணக்கில் திரும்பி வரும் பணம் ஒன்றுமே இல்லை.

செப்டம்பர் 21, புரட்டாசியின் முதல் சனிக்கிழமை, கோயிலில் பூசை முடிந்த பிறகு அக்கா இந்த மின்னஞ்சலின் அச்சுப் பிரதியுடன் என்னிடம் வந்தார். ஏழு நாள் தாண்டிவிட்டது, எல்லாம் முடிந்துபோனது என்பது அவருடைய முடிவு.

எந்தச் சட்டம்?

தென்னாப்பிரிக்காவில் இணையத்தில் வாங்குபவருக்கு இரண்டு சட்டங்கள் பாதுகாப்புத் தருகின்றன. ஒன்று, 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல் தொடர்பு மற்றும் பரிமாற்றச் சட்டம். மற்றொன்று, 2008-இல் இயற்றப்பட்டு 2011-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கடைக்காரர்கள் எப்போதும் முதல் சட்டத்தின் பக்கமே நம்மைத் தள்ளப் பார்ப்பார்கள். அந்தச் சட்டம் கெட்டது என்பதால் அல்ல. அது வேறொரு சிக்கலுக்காக எழுதப்பட்டது என்பதால்.

முதல் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, மனம் மாறியவருக்கானது. பொருள் கைக்கு வந்த ஏழு நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். நிறம் பிடிக்கவில்லை, வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்தது, கணவர் திட்டினார், எதுவானாலும் சரி. காரணம் கேட்காத சலுகை என்பதால், திருப்பி அனுப்பும் நேரடிச் செலவு மட்டும் வாங்கியவர் தலையில் விழும். உணவுப் பொருட்கள், நமக்கென்று அளவெடுத்துச் செய்தவை, உறையைக் கிழித்துவிட்ட மென்பொருள் போன்ற சிலவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை.

இங்கேயே விற்பனையாளரின் மின்னஞ்சல் ஆட்டம் கண்டுவிடுகிறது. அந்தப் பிரிவு, வாங்கியவரிடம் பிடிக்கக்கூடிய ஒரே கட்டணம் பொருளைத் திருப்பும் நேரடிச் செலவுதான் என்கிறது. மறுஇருப்புக் கட்டணம் என்ற ஒன்றுக்கு அதில் இடமே இல்லை. ரத்து செய்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் முழுப் பணமும் திரும்ப வேண்டும். இந்த உரிமைகளை விலக்கும் எந்த ஒப்பந்த விதியும் செல்லாது என்று 48-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே, பேத்தி தேர்ந்தெடுத்த காரணத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அவள் படிவத்தை நிரப்பியது பொருள் வந்த நான்காம் நாள், கெடு தாண்டவில்லை. 780 ரேண்டைப் பிடிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. குடும்பத்துக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அதிகபட்ச இழப்பு கூரியர் செலவு மட்டுமே. இதைக் கேட்டபோதே அக்காவின் முகம் தெளிந்தது.

ஆனால் அவர் மனம் மாறவில்லை. அவருக்கு இன்னும் கிரைண்டர் தேவை. அன்று மாலையே தேவை. அவருக்கு வந்தது கேட்ட பொருள் இல்லை. அதற்கான சட்டம் இரண்டாவது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, விவரணையை மட்டும் நம்பி ஒரு பொருளை வாங்க ஒப்புக்கொண்டவருக்கு, அந்த விவரணையைப் படித்த ஒரு சாதாரணமான, விழிப்புள்ள நுகர்வோர் எதிர்பார்க்கும் பொருள், முக்கியமான எல்லா அம்சங்களிலும் பொருந்தி வர வேண்டும் என்கிறது. இணையத்தில் வாங்குவது என்றாலே விவரணையை நம்பி வாங்குவதுதான். டர்பன் கிரே தெருக் கடையில் (இப்போது டாக்டர் யூசுப் டாடூ தெரு) வாங்கியிருந்தால், பிளக்கை மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கலாம். திரையில் பார்த்து வாங்குபவருக்கு அந்த வசதி இல்லை என்பதற்காகவே இந்தப் பிரிவு இருக்கிறது. மின்னழுத்தம் முக்கியமான அம்சமா என்ற கேள்விக்கு விடை சொல்ல வழக்கறிஞர் வேண்டாம், எலக்ட்ரீஷியன் போதும்.

பிரிவு 19, பொருள் வந்து சேர்ந்ததும் அதைப் பரிசோதிக்கும் உரிமையைத் தருகிறது. நுகர்வோர் ஏற்றுக்கொள்ளும் வரை பொருளின் ஆபத்துப் பொறுப்பு விற்பவருடையது. ஏற்றுக்கொண்டதாக எப்போது கருதப்படும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது: ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்தால், அல்லது விற்பவருக்கே அது சொந்தம் என்பதற்கு முரணாக எதையாவது செய்தால், அல்லது நியாயமான காலம் கடந்தும் மறுக்காமல் வைத்திருந்தால். கூரியர் திரையில் போட்ட கையெழுத்தை விற்பனையாளர் பிறகு ஒரு கடிதத்தில் எடுத்துக் காட்டினார். அந்தக் கையெழுத்து பெட்டி வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். உள்ளே பார்க்க வாய்ப்பே கிடைக்காதவர் உள்ளிருப்பதை ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. இரண்டே நாளில் படத்தோடு மறுப்பு போயிருக்கிறது. ஒருமுறைகூட அதை ஓட்டவில்லை. உளுந்து போட்டு ஆட்டிப் பார்த்திருந்தால் என் வேலை கடினமாகியிருக்கும்.

பிரிவு 20 இவ்வாறு மறுக்கப்பட்ட பொருளைத் திருப்பும் முறையைச் சொல்கிறது. முன்னதாகப் பார்க்க வாய்ப்பில்லாமல், விவரணைக்குப் பொருந்தாததால் மறுக்கப்பட்ட பொருளை, டெலிவரியான 10 வேலை நாட்களுக்குள், விற்பவரின் செலவிலும் விற்பவரின் பொறுப்பிலும் திருப்பலாம். 'பொறுப்பு' என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கல் கிரைண்டர் எடை மிக்கது. லாரியில் குலுங்கிப் போகும்போது கல் விரிசல் விட்டால் அது யார் நஷ்டம்? மனம் மாறியவராகத் திருப்பினால் அந்தச் சண்டைக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். மாறி வந்த பொருளாகத் திருப்பினால் அது விற்பவர் கவலை. படிவத்தில் காரணத்தைச் சரியாகக் குறிப்பிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பெட்டியைத் திறந்துவிட்டார்களே? அதற்கும் அதே பிரிவில் விடை இருக்கிறது. உறை சிதைந்த பொருளைச் சீர்செய்ய நியாயமான தொகை பிடிக்கலாம் என்று சொல்லும் இடத்திலேயே ஒரு விதிவிலக்கும் வருகிறது. விவரணைக்குப் பொருந்துகிறதா, பயனுக்கு ஏற்றதா என்று கண்டுபிடிக்க உறையைப் பிரிப்பது தவிர்க்க முடியாததாக இருந்தால், அதற்காகப் பிடித்தம் கூடாது. விவரத் தகடு கிரைண்டருக்கு அடியில் இருக்கிறது. பெட்டியைத் திறக்காமல் அதைப் படிக்கும் வித்தை அக்காவுக்குத் தெரியாது.

இரண்டு சட்டங்களும் ஒரே விவகாரத்தைத் தொட்டு, ஒன்றோடொன்று முரண்பட்டால்? இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிக்க முடியாத இடத்தில் நுகர்வோருக்குக் கூடுதல் பாதுகாப்புத் தரும் ஏற்பாடே மேலோங்கும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு சொல்லிவிட்டது.

நாட்களை எண்ணுவது

அக்கா வந்த அன்று நான் முதலில் எடுத்தது நாட்காட்டியைத்தான். வேலை நாட்களை எண்ணும்போது டெலிவரி நாளை விட்டுவிட வேண்டும். கடைசி நாளைச் சேர்க்க வேண்டும். சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளைக் கழிக்க வேண்டும். செப்டம்பர் 12-இல் வந்த பொருளுக்கு முதல் வேலை நாள் 13, வெள்ளி. அதிலிருந்து எண்ணினால் 23, திங்கள், ஏழாவது நாள். 24, செவ்வாய், மரபு தினம், நாடு முழுவதும் விடுமுறை, கணக்கில் வராது. பத்தாவது நாள் 27, வெள்ளி. எல்லாம் முடிந்துபோனதாக நினைத்து வந்தவர் கையில் இன்னும் நான்கு வேலை நாட்கள் மிச்சம் இருந்தன.

23-ஆம் தேதி காலையில் மின்னஞ்சல் போனது. கடிதம் நீளமாக இருக்கக்கூடாது என்று பேத்தியிடம் சொன்னேன்; கோபம் அதில் ஒரு வரிகூட வேண்டாம் என்றும் சொன்னேன். அதன் சாரம் இது: 'எங்கள் ஆணையின்படி நீங்கள் 230 வோல்ட் கிரைண்டரை அனுப்ப ஒப்புக்கொண்டீர்கள். வந்தது 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கருவி. தகட்டின் படமும் உங்கள் விளம்பரத்தின் படமும் இணைக்கப்பட்டுள்ளன. 14-ஆம் தேதி வாட்ஸ்அப் வழியாக மறுத்ததை இதன் மூலம் உறுதி செய்கிறோம். 16-ஆம் தேதி படிவத்தில் குறித்த காரணம் தவறானது. அதைத் திரும்பப் பெறுகிறோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 18, 19, 20-ஆம் பிரிவுகளின்படி உங்கள் செலவில் பொருளை எடுத்துச் செல்லுங்கள். 5,380 ரேண்டைத் திருப்பிச் செலுத்துங்கள். பொருள் பெட்டியில் கட்டித் தயாராக இருக்கிறது. எந்த நாளும் காலை எட்டு மணி முதல் வந்து எடுத்துக்கொள்ளலாம்.'

25-ஆம் தேதி பதில் வந்தது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை இலவசமாக அனுப்புகிறார்களாம். இதைக் கேட்டதும் மருமகளுக்கு ஆசை வந்தது. தொல்லை தீர்ந்தால் போதும் என்று நினைத்தார். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டுமே இறக்கும். நம் மின்சாரம் ஓடுவது 50 ஹெர்ட்ஸில். மோட்டார் செய்யப்பட்டது 60 ஹெர்ட்ஸுக்கு. வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், மோட்டார் கூடுதலாகச் சூடாகும். சமையலறை மேடையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு கனமான பெட்டியை நிரந்தரமாக வைத்துக்கொண்டு வாழ வேண்டும். வேண்டாம் என்று எழுதினோம். அடுத்து, அதே கடையில் செலவழிக்கும் வவுச்சர். அதுவும் வேண்டாம் என்றோம். 20-ஆம் பிரிவு சொல்வது கட்டிய விலையைத் திருப்பித் தருவதைப் பற்றி. வவுச்சரை ஏற்றுக்கொள்ள யாருக்கும் தடை இல்லை, ஆனால் அதைத் திணிக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

அதோடு பேச்சு நின்றது. 27 நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் அக்காவும் நானும் ஒத்துப்போகவில்லை. பத்து வேலை நாட்களுக்குள் 'திருப்பப்பட வேண்டும்' என்று சட்டம் சொல்கிறது. கூரியர் அனுப்பாமல் காலத்தைக் கடத்திவிட்டு, 'கெடு தாண்டிவிட்டது' என்று அவர்கள் சொல்லக்கூடும். நம் பணத்தில் அனுப்பிவிட்டு, அந்தச் செலவையும் சேர்த்துக் கேட்போம் என்றேன்.

"அவர்கள் செய்த தவறுக்கு நான் ஏன் கூரியர் பணம் கட்ட வேண்டும், தம்பி?" என்று கேட்டார். அதற்குமேல் என்னால் வாதாட முடியவில்லை.

எனவே 26-ஆம் தேதி இன்னொரு கடிதம். பொருள் 23-ஆம் தேதி முதல் தயாராக இருக்கிறது, எடுக்காத தாமதம் முழுவதும் உங்களுடையது என்று அதில் பதிவு செய்தோம். இப்படி எழுதி வைப்பது கெடுவைக் காப்பாற்றும் என்றே நம்பினேன். அது போதாது என்று யாராவது வாதிட்டாலும் பின்னால் 55, 56-ஆம் பிரிவுகள் இருந்தன. பொருள் அதன் வழக்கமான பயனுக்கு நியாயமான அளவில் ஏற்றதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டெலிவரியிலிருந்து ஆறு மாதத்துக்குள், விற்பவரின் செலவிலேயே திருப்பி, பழுதுபார்ப்பா, மாற்றுப் பொருளா, பணமா என்பதை நுகர்வோரே தேர்ந்தெடுக்கலாம். 230 வோல்ட் நாட்டில் விற்ற 110 வோல்ட் கிரைண்டர் இந்தச் சோதனையில் எப்படித் தேறும்?

ஒரு கேள்வி

அதே கடிதத்தில் கடைசி வரியாக ஒரு கேள்வியைச் சேர்த்தேன். தென்னாப்பிரிக்காவில் இவ்வகை மின்கருவிகளை விற்க, கட்டாயத் தரநிர்ணயங்களுக்கான தேசிய ஒழுங்குமுறை அமைப்பின் அங்கீகாரக் கடிதம் வேண்டும். இறக்குமதியாளரோ உற்பத்தியாளரோ அதைப் பெற்ற பிறகே பொருள் சந்தைக்கு வரலாம். 'இந்தக் கிரைண்டருக்கு உங்களிடம் உள்ள அங்கீகாரக் கடிதத்தின் எண்ணைத் தெரிவிக்கவும்' என்று மட்டும் எழுதினோம். மிரட்டல் எதுவும் இல்லை. அமெரிக்கச் சந்தைக்கான தட்டைப் பிளக்கும் ஒரு பயண அடாப்டருமாக வந்த கருவிக்கு அப்படி ஒரு கடிதம் இருந்திருந்தால் எனக்கு வியப்பாக இருந்திருக்கும். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

விற்பனையாளரின் இணையதளத்தையும் துருவிப் பார்த்தேன். மின்னணுப் பரிமாற்றச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி இணையக் கடை தன் முழுப் பெயர், சட்ட நிலை, கட்டட முகவரி, தொலைபேசி எண், திருப்புதல் கொள்கை முதலியவற்றைத் தளத்திலேயே தர வேண்டும். இங்கே ஒரு கைபேசி எண்ணும் ஒரு படிவமும் மட்டுமே இருந்தன. இந்தக் குறைக்காகவே 14 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்ய வாங்குபவருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த வழியில் திருப்பும் செலவு நம்முடையது என்பதால் அதைக் கையில் எடுக்கவில்லை. முகவரியை, நிறுவனப் பதிவு ஆணையத்தின் பதிவேட்டில், கட்டண ரசீதில் இருந்த நிறுவனப் பெயரை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தோம்.

செப்டம்பர் 30-ஆம் தேதி, நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் புகார் பதிவானது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. முதலில் விற்பனையாளரிடம் முறையிட்டிருக்க வேண்டும், அதற்கான சான்று வேண்டும். நம்மிடம் விளம்பரத்தின் படம், ஆணை ரசீது, பணம் கட்டிய சான்று, கூரியர் சீட்டு, தகட்டின் படம், அந்த வாட்ஸ்அப் பதில், மூன்று கடிதங்கள் எல்லாம் இருந்தன. விளம்பரத்தைப் படமெடுத்து வைத்த பேத்தியைப் பாராட்ட வேண்டும். அக்டோபர் முதல் வாரத்தில் அந்தப் பக்கத்தில் '230 வோல்ட்' என்ற வரி காணாமல் போயிருந்தது.

குறைதீர்ப்பாளரின் முடிவு பரிந்துரை மட்டுமே. நீதிமன்றத் தீர்ப்பைப் போல் கட்டுப்படுத்தாது. அதனால் அடுத்த படியையும் யோசித்து வைத்தோம். சிறு உரிமைகோரல் நீதிமன்றம் 20,000 ரேண்ட் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும். 2019 ஏப்ரல் முதல் அதுதான் உச்சவரம்பு. வழக்கறிஞர் வாதாட அங்கே இடமில்லை. முன்னதாக 14 நாள் அவகாசம் தந்து கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். சிக்கல் எல்லைதான். எதிர்த்தரப்பு குடியிருக்கும் அல்லது தொழில் நடத்தும் வட்டாரத்தில், அல்லது வழக்குக்கான காரணம் முழுவதும் எழுந்த வட்டாரத்தில்தான் வழக்குப் போட முடியும். விற்பனையாளர் இருப்பது ஜோஹன்னஸ்பர்க்கில். ஐயாயிரம் ரேண்டுக்காக அக்கா அங்கே போய் நிற்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு கிளப்பியிருந்தால், அதைச் சமாளிப்பது எளிதாக இருந்திருக்காது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமைக்கும் கையில் வரும் பணத்துக்கும் நடுவே டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் வரை நீளும் நெடுஞ்சாலையும் இருக்கிறது.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் இவ்வளவு சுற்றியிருக்க வேண்டாம். விவரித்தபடி பொருள் வராவிட்டால், கார்டு வழங்கிய வங்கி மூலம் கட்டணத்தை எதிர்த்துத் திருப்பப் பெறும் வழி விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் உண்டு. பொதுவாக 120 நாட்கள் அவகாசம். வங்கி மறுத்தால் 2024 மார்ச் முதல் இயங்கும் தேசிய நிதித்துறைக் குறைதீர்ப்புத் திட்டத்துக்குப் போகலாம். நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் பணம் போனால் போனதுதான். அறிமுகமில்லாத கடைக்கு அப்படிப் பணம் அனுப்புவதை நான் எப்போதும் தடுப்பேன். அக்கா வீட்டில் இனிமேல் அனுப்பமாட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோயிலில் பலர் கேட்கிறார்கள். இவை எல்லாம் தொழிலாக விற்பவருக்கு எதிரான உரிமைகள். பக்கத்துத் தெருக்காரர் தம் பழைய குளிர்பெட்டியைப் பேஸ்புக்கில் விற்றால், அவர் வியாபாரி ஆகிவிட மாட்டார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை அவர்மேல் ஏவ முடியாது. அங்கே பொதுவான ஒப்பந்தச் சட்டமே துணை.

முடிவு

அக்டோபர் 15-ஆம் தேதி விற்பனையாளரின் கூரியர் தானாக வந்து பெட்டியை எடுத்துச் சென்றது. அதற்கு முந்தைய நாள் ஒரு வரி மின்னஞ்சல் மட்டும் வந்திருந்தது. வருத்தம் தெரிவிக்கும் சொல் எதுவும் அதில் இல்லை. பேத்தி பெட்டியைக் கட்டும்போது கற்கள், தகடு, அடாப்டர் அனைத்தையும் காணொளியாகப் பதிவு செய்துகொண்டாள். கூரியர் சீட்டின் படமும் எடுத்தாள். 18-ஆம் தேதி 5,200 ரேண்ட் கணக்கில் ஏறியது.

அவர்களை அசைத்தது எது? குறைதீர்ப்பாளர் அனுப்பிய அறிவிப்பு என்று குடும்பத்தார் நினைக்கிறார்கள். அங்கீகாரக் கடிதம் பற்றிய அந்த ஒற்றைக் கேள்விதான் என்று நான் நினைக்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்கு ஐயாயிரம் ரேண்ட் திருப்பித் தருவது ஒரு கணக்கு. கிடங்கில் இருக்கும் அத்தனை கிரைண்டர்களையும் ஒழுங்குமுறை அமைப்பு வந்து எண்ணத் தொடங்கினால், அது வேறு கணக்கு. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அனுப்பும் செலவான 180 ரேண்ட் வரவில்லை. கேட்ட பொருளைக் கொண்டுவந்து சேர்க்காத டெலிவரிக்குக் கட்டணம் எதற்கு என்று எழுதலாம் என்றேன். புகாரை இன்னும் மூடவில்லை என்பதால் அதையும் சேர்த்திருக்க முடியும். அக்கா விட்டுவிட்டார். "புரட்டாசியும் முடிந்துவிட்டது, தம்பி, போகட்டும்" என்றார். நானாக இருந்தால் விட்டிருக்கமாட்டேன். அடாப்டரோடு அந்தக் கிரைண்டர் இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்று அவ்வப்போது அந்தத் தளத்தைத் திறந்து பார்க்கிறேன். ஒழுங்குமுறை அமைப்புக்கு அனுப்ப வேண்டிய புகாரை, குடும்பத்தின் ஒப்புதலோடு, தகட்டின் படத்தை இணைத்துத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.